பிரேக், பி-பாய், பிரேக் டான்ஸ்: ஒரு நடனச் சொல்லின் வேரைப் பிடிப்பது எப்படி?

நிகழ்ச்சிக் கையேடு, வீடியோவுக்கான குறிப்பு, கல்லூரிக் கட்டுரை என்று ஏதோ ஒன்றுக்காக, 'பிரேக் டான்ஸ் என்ற பெயர் எங்கிருந்து வந்தது' என்று நான்கு வரி எழுதச் சொன்னால், பெரும்பாலோர் முதல் வரியிலேயே வழுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்தவன்தான். ஒரு நிகழ்ச்சிக் கையேட்டுக்கு 'முறிநடனம்' என்று எழுதிக் கொடுத்தேன். ஆட வந்திருந்த பையன் ஒருவன் அதைப் படித்துவிட்டு, "அண்ணா, இது எலும்பு முறியிற டான்ஸா?" என்று கேட்டான். அன்றைக்கு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேலையை முதலிலிருந்து தொடங்கினேன்.

அதன் பிறகு இதே வேலையைச் செய்ய வந்த பலரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தகவல் கிடைக்காமல் தவறியவர்கள் மிகக் குறைவு. கிடைத்ததைத் தப்பான வரிசையில் படித்துத் தவறியவர்களே அதிகம். ஆகவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். இடையில் ஒன்றைத் தாண்டினால் அடுத்தது சரியாக நிற்காது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நல்ல ஹெட்போன் ஒன்று. போன் ஸ்பீக்கர் போதாது. இந்தச் சொல்லின் பொருள் பாதி டிரம்ஸிலும் பாஸ் எனும் தாழ்ந்த சுருதி ஒலியிலும் இருக்கிறது, போன் ஸ்பீக்கர் அந்த இரண்டையும்தான் முதலில் விழுங்கும்.

மூன்று பாட்டுகள். இன்க்ரெடிபிள் பாங்கோ பேண்ட் 1973இல் வெளியிட்ட 'அபாச்சி'. ஜேம்ஸ் பிரவுனின் 1970ஆம் ஆண்டு 'செக்ஸ் மெஷின்' ஆல்பத்தில் வரும் 'கிவ் இட் அப் ஆர் டர்னிட் எ லூஸ்'. தி வின்ஸ்டன்ஸ் குழுவின் 1969ஆம் ஆண்டு 'ஆமென், பிரதர்'. மூன்றும் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும்.

ஒரு நோட்டில் ஐந்து கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள்: சொல், யார் சொன்னது, எங்கே, எப்போது, எப்படித் தெரியும். கடைசிக் கட்டம்தான் முக்கியம். அதில் 'ஆவணம்' அல்லது 'நினைவு' என்ற இரண்டில் ஒன்றை மட்டும் எழுதுங்கள். அன்றைக்கே அச்சானது, எழுதப்பட்டது, பதிவானது எல்லாம் ஆவணம். பல வருடம் கழித்து ஒருவர் பேட்டியில் சொன்னது நினைவு. நினைவு பொய் என்று அர்த்தமில்லை. ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் கணக்கு குழம்பும்.

இரண்டு மாலைப் பொழுதுகள் ஒதுக்குங்கள். முதல் மாலையில் 1 முதல் 3 வரையிலான படிகளை முடித்தால் போதும்.

1. ஒரு சொல் என்று நினைப்பதை நான்காகப் பிரியுங்கள்

பிரேக், பி-பாய், பிரேக்கிங், பிரேக் டான்ஸ். இவற்றை நோட்டில் நான்கு தனி வரிகளாக எழுதுங்கள்.

காரணம் எளிது. இவை நான்கும் ஒரே நாளில் பிறக்கவில்லை, ஒரே ஆள் வாயிலும் பிறக்கவில்லை. முதலாவது இசைக்காரர்களின் சொல். இரண்டாவது, பார்ட்டியில் இசைத்தட்டு போடும் ஒரு டிஜேயின் கூப்பாடு. மூன்றாவது ஆடியவர்கள் தங்கள் ஆட்டத்தைச் சொன்ன சொல். நான்காவது பத்திரிகையும் சினிமாவும் பரப்பியது. 'பிரேக் டான்ஸின் தோற்றம்' என்று ஒரே கேள்வியாகக் கேட்டால், நான்கு பதில்களும் ஒன்றோடொன்று சண்டை போடும். ஒவ்வொன்றும் தன் தன் கேள்விக்குச் சரியாகவே இருக்கும், அதனால் எதைத் தள்ளுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

புதிதாக வருபவர்கள் இந்தப் படியை அலட்சியம் செய்வார்கள். 'எல்லாம் ஒன்றுதானே' என்பார்கள். ஆறாம் படியில் திரும்பி இங்கேயே வருவார்கள்.

2. அகராதியைத் திறக்காதீர்கள், பாட்டைக் கேளுங்கள்

'பிரேக்' என்ற சொல்லுக்கு அகராதியில் பொருள் தேடினால் உடைதல், முறிதல், இடைவேளை, வண்டி பிரேக்கு என்று வரிசையாக வரும். கடைசியாகச் சொன்னது ஆங்கில எழுத்துக்கூட்டலில் வேறு சொல், தமிழ் எழுத்தில் மட்டும் ஒன்றாகத் தெரிகிறது. இந்தப் பட்டியலிலிருந்து ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு கதை கட்டுவதுதான் ஆரம்பத் தவறு. 'உடலை உடைத்து ஆடுவதால் பிரேக்', 'ஆடிக்கொண்டே சட்டென்று பிரேக் போட்டு நிற்பதால் பிரேக்' என்று இரண்டு கதைகளையும் என்னிடமே அடித்துச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது கேட்க அழகாகவே இருக்கிறது, அந்த நிற்றலுக்கு ஆட்டத்தில் 'ஃப்ரீஸ்' என்று வேறு பெயர் இருப்பது தெரியும்வரை.

முதலில் 'ஆமென், பிரதர்' பாட்டைப் போடுங்கள். ஏறக்குறைய 1 நிமிடம் 26 நொடியில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் விலகும். டிரம்ஸ் மட்டும் நான்கு தாளச் சுற்று ஓடும். ஏழு நொடிகூட இருக்காது, மறுபடி எல்லோரும் வந்துவிடுவார்கள். அந்த ஏழு நொடிதான் பிரேக்.

இப்போது 'அபாச்சி'. இதில் பாங்கோவும் டிரம்ஸும் தனியாக நிற்கும் இடங்கள் நீளமாக இருக்கும். அடுத்தது ஜேம்ஸ் பிரவுன். நடுவில் வாத்தியங்கள் அடங்கி, தோல் கருவிகளும் அவர் குரலும் மட்டும் மிஞ்சும் பகுதியைக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு பாட்டிலும் பிரேக் எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது என்று நோட்டில் எழுதுங்கள். வாசித்து எழுதாதீர்கள், கேட்டு எழுதுங்கள்.

கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு: பாட்டும் வயலினும் ஒதுங்கி மிருதங்கத்துக்கு இடம் விடும் தனி ஆவர்த்தனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உறவு எதுவும் கிடையாது, காதுக்கு ஒரு பிடிமானம், அவ்வளவுதான். தனி ஆவர்த்தனம் கால் மணி நேரம்கூடப் போகும், இங்கே நொடிக் கணக்கு. இந்த நொடிக் கணக்கை மறக்காதீர்கள், நான்காம் படியில் இதுதான் கதவைத் திறக்கும்.

3. சொல் முன்பு குடியிருந்த வீட்டைக் கண்டுபிடியுங்கள்

ஒரு கலையின் கலைச்சொல் பெரும்பாலும் பக்கத்து வீட்டிலிருந்து கடன் வாங்கியதாகத்தான் இருக்கும். ஆகவே இந்த ஆட்டமும் ராப்பும் சேர்ந்து வளர்ந்த ஹிப்-ஹாப்புக்கு முன்னால் இசைக்காரர்கள் 'பிரேக்' என்று எதைச் சொன்னார்கள் என்று பாருங்கள்.

விடை ஜாஸில் கிடைக்கும். குழு முழுவதும் சட்டென நிற்க, ஒரு வாத்தியம் மட்டும் இரண்டு தாளச் சுற்று தனியாக வாசித்துவிட்டு விடும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் பிரேக். 1923இல் சிகாகோவில் கிங் ஆலிவரும் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கும் சேர்ந்தே ஊதிய பிரேக்குகள் அந்தக் காலத்து இசைத்தட்டுகளில் இருக்கின்றன. 1938இல் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்துக்காக நாட்டுப்புற இசை சேகரித்த ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்தபோது, ஜாஸ் பியானோ கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டன் பியானோ முன்னால் உட்கார்ந்து, பிரேக் இல்லாமல் ஜாஸ் வாசிக்க முடியாது என்றே விளக்கியிருக்கிறார். அது ஒலிப்பதிவாக உள்ளது. உங்கள் நோட்டின் ஐந்தாவது கட்டத்தில் தயக்கமில்லாமல் 'ஆவணம்' என்று எழுதலாம்.

ஆக, 'பிரேக் என்ற சொல்லை ஹிப்-ஹாப் உண்டாக்கியது' என்ற வரி இங்கேயே விழுந்துவிடுகிறது. சொல் பழையது. மாறியது பொருளின் எல்லை. ஜாஸில் எந்த வாத்தியத்துக்கும் பிரேக் கிடைக்கும். பின்னால் வந்த கறுப்பர் இசை வகைகளான சோல், ஃபங்க் இசைத்தட்டுகளுக்கு வரும்போது அது பெரும்பாலும் டிரம்ஸுக்கும் மற்ற தாளக் கருவிகளுக்கும் ஒதுக்கப்பட்ட இடமாகச் சுருங்கிவிட்டது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. தேடும்போது, காலணியால் தரையில் தாளம் தட்டி ஆடும் டேப் நடனத்திலும் 'பிரேக்' என்ற சொல் வரும். 1920களின் லிண்டி ஹாப் என்ற ஜோடி நடனத்தில் 'பிரேக்அவே' என்று ஒன்று வரும், ஜோடியாக ஆடுபவர்கள் கையை விட்டுப் பிரிந்து தனித்தனியாக ஆடும் இடம் அது. உடனே 'ஆகா, பிடித்துவிட்டேன்' என்று ஒரு கோடு இழுக்கத் தோன்றும். இழுக்காதீர்கள். ஒலி ஒத்திருப்பது உறவுக்குச் சாட்சி ஆகாது. அங்கிருந்து இங்கே அந்தச் சொல்லைத் தூக்கி வந்தவர் யார் என்று காட்ட முடிந்தால் மட்டும் கோடு. டிரம் பிரேக்குக்கு அப்படிக் காட்ட முடியும்: தூக்கி வந்தவை இசைத்தட்டுகள், தூக்கியவர்கள் டிஜேக்கள்.

4. சொன்ன ஆளிடம் போங்கள், ஆனால் தேதியைச் சொல்லோடு ஒட்டாதீர்கள்

இந்த வழிகாட்டியில் அதிகம் பேர் விழும் இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி, 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் கட்டடம், அதன் பொழுதுபோக்கு அறை. சிண்டி கேம்ப்பெல் என்ற பெண், பள்ளி திறப்பதை ஒட்டி ஒரு பார்ட்டி வைத்தார். இசை போட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ் கேம்ப்பெல், ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர், டிஜே கூல் ஹெர்க் என்று அறியப்பட்டவர். கையால் எழுதிய அழைப்பு அட்டைகள் கொடுத்தார்கள். இரவு 9 மணி முதல் காலை 4 மணி வரை, பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். அட்டை இன்றும் பார்க்கக் கிடைப்பதால் இவ்வளவு துல்லியம்.

தவறு இங்கேதான் நுழையும். 'பி-பாய் என்ற சொல் 1973 ஆகஸ்ட் 11 அன்று பிறந்தது' என்று எழுதிவிடுவார்கள். அந்த அட்டையில் 'பி-பாய்' என்ற சொல்லே கிடையாது. அட்டை பார்ட்டிக்குச் சாட்சி, சொல்லுக்குச் சாட்சி இல்லை. பார்ட்டிக்குத் தேதி இருக்கிறது என்பதற்காக, அதைச் சுற்றி நடந்த எல்லாவற்றுக்கும் அதே தேதியைக் குத்தக் கூடாது. நோட்டில் இரண்டு வரியாக எழுதுங்கள். பார்ட்டி: 1973 ஆகஸ்ட் 11, ஆவணம். சொல்: 1970களின் பிராங்க்ஸ், ஹெர்க்கின் பார்ட்டிகள், நினைவு.

அந்த நினைவு என்ன சொல்கிறது? ஹெர்க் பின்னாளில் பல பேட்டிகளில் விவரித்தது இது: கூட்டத்தில் சிலர் பாட்டு ஓடும்போது சும்மா நிற்கிறார்கள், பிரேக் வரும் இடத்துக்காகக் காத்திருந்து அப்போது உள்ளே பாய்கிறார்கள். இரண்டாம் படியில் நீங்கள் எழுதிய நொடிக் கணக்கை இப்போது எடுத்துப் பாருங்கள். அந்தப் பகுதி சில நொடிதான் ஓடுகிறது. காத்திருந்தவன் காலை வைப்பதற்குள் முடிந்துவிடும். அதற்கு ஹெர்க் கண்ட வழி: ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகள், அவற்றைச் சுழற்ற இரண்டு டர்ன்டேபிள்கள். ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றதில் தொடங்குவது, அல்லது ஒரு பாட்டின் பிரேக்கிலிருந்து நேராக அடுத்த பாட்டின் பிரேக்குக்குத் தாவுவது. இந்த முறைக்கு அவர் வைத்த பெயர் 'மெர்ரி-கோ-ரவுண்ட்', அதாவது ராட்டினம். பிரேக்கில் இறங்கி ஆடியவர்களை மைக்கில் 'பி-பாய்', 'பி-கேர்ள்' என்று கூப்பிட்டார்.

இரண்டாம் படியை ஏன் வற்புறுத்தினேன் என்று இப்போது தெரிந்திருக்கும். பாட்டைக் கேட்காமல் நேராக இந்தப் பத்திக்கு வந்தவருக்கு 'பிரேக் பாய்' என்பது வெறும் விரிவாக்கம். கேட்டுவிட்டு வந்தவருக்கு அந்தப் பையன் ஏன் காத்திருந்தான் என்பதே தெரியும்.

5. இரண்டாவது வேர் இருக்கிறதா என்று தோண்டுங்கள்

ஒரு விடை கிடைத்தவுடன் மண்வெட்டியைக் கீழே போடாதீர்கள். தெருவில் வளர்ந்த சொற்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வேர் இருக்கும்.

அதே ஹெர்க், 'பிரேக்' என்பது அந்தக் காலத்துத் தெருப்பேச்சில் ஒருவன் கொதித்துப் போவதை, கட்டு மீறுவதை, சத்தம் போட்டு ரகளை பண்ணுவதைக் குறித்தது என்றும் சொல்லியிருக்கிறார். நம் ஊரில் 'பையன் கிளம்பிட்டான்' என்று சொல்லும்போது அவன் எங்கேயும் போவதில்லை அல்லவா, அந்த மாதிரி.

இரண்டில் எது சரி என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று புதியவர்கள் நினைப்பார்கள். தேவையில்லை. இசையின் பிரேக்கும் மனசின் பிரேக்கும் ஒரே நொடியில் சேர்ந்து வரும் இடத்தில்தான் அந்தப் பையன் உள்ளே குதிக்கிறான். என் கணிப்பில் சொல் ஒட்டிக்கொண்டதற்கே காரணம் இந்த இரட்டைப் பொருள்தான். இரண்டையும் எழுதுங்கள், இசைப் பொருளை முதலில் வையுங்கள், அதற்கு ஆவணப் பலம் அதிகம்.

6. அச்சில் எப்போது ஏறியது என்று பாருங்கள்

பேச்சில் இருந்த சொல் எழுத்துக்கு வரும்போது நமக்கு ஒரு உறுதியான மேல் எல்லை கிடைக்கிறது: 'இந்தத் தேதிக்குள் இந்தச் சொல் இருந்திருக்கிறது.' பிறந்த தேதி இது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இங்கே பிடிக்க வேண்டிய கொக்கி 1981 ஏப்ரல். நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் நடன விமர்சகர் சாலி பேன்ஸ் இந்த ஆட்டத்தைப் பற்றி விரிவாக எழுதினார், படங்கள் மார்தா கூப்பர் எடுத்தவை. தலைப்பிலேயே இருக்கும் சொல் 'பிரேக்கிங்', பிரேக் டான்ஸ் இல்லை. இதைக் கவனியுங்கள். ஆடியவர்களிடம் நேரில் போய் எழுதிய ஆள் அவர்கள் வாயில் இருந்த சொல்லையே போட்டிருக்கிறார்.

பேன்ஸும் கூப்பரும் இந்த ஆட்டத்தைத் தேடிப் போன கதையும் இதற்கு உதவும். ஆண்டு 1980, ஒரு சுரங்க ரயில் நிலையம். பையன்கள் அடிதடி செய்கிறார்கள் என்று போலீஸ் பிடித்தது. புகைப்படம் எடுக்கப் போனவர் கூப்பர். பையன்களோ நாங்கள் ஆடிக்கொண்டிருந்தோம் என்றார்கள். பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கும் அது சண்டையாகத் தெரிந்திருக்கிறது. ஐந்தாம் படியின் தெருப்பேச்சுப் பொருளை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

7. வெளியாள் வைத்த பெயரைத் தனியாக எடுத்து வையுங்கள்

இப்போது 'பிரேக் டான்ஸ்'. 1980களின் தொடக்கத்தில் பத்திரிகை, தொலைக்காட்சி, சினிமா மூன்றும் சேர்ந்து ஓட்டிய பெயர் இது. பழைய ஆட்டக்காரர்கள் பலர் இன்றும் இதை விரும்புவதில்லை. 'பிரேக்கிங்' அல்லது 'பி-பாயிங்' என்பார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இது போட்டியாக நடந்தபோதும் நிரலில் இருந்த பெயர் 'பிரேக்கிங்'தான். பெண்கள் பிரிவில் ஜப்பானின் அமி, ஆண்கள் பிரிவில் கனடாவின் ஃபில் விசார்ட் தங்கம் வாங்கினார்கள்.

பெயர் மாறியது மட்டும் சிக்கல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அதன் எல்லையும் வீங்கியது. 1984இல் 'பிரேக்கின்' என்ற படம் வந்தது, கதைக்களம் லாஸ் ஏஞ்சலஸ். அதில் முன்னால் நின்ற ஷாபா-டூ, சட்டெனப் பூட்டியதுபோல் நின்று தொடரும் லாக்கிங் ஆடுபவர். பூகலூ ஷ்ரிம்ப் பாப்பிங் ஆடுபவர். படத்தின் தலைப்பு நியூயார்க்கின் ஆட்டம், நாயகர்களின் ஆட்டம் கலிஃபோர்னியாவினுடையது!

லாக்கிங் 1970 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸில் டான் கேம்ப்பெல் ஆட்டத்திலிருந்து வந்தது. பாப்பிங் ஃபிரெஸ்னோ நகரின் பூகலூ சாமோடு சேர்த்துச் சொல்லப்படுவது. தசையைச் சட்டென இறுக்கித் தளர்த்தும்போது அவர் வாய்க்குள் 'பாப், பாப்' என்று சொல்லிக்கொள்வார், பெயர் அப்படி ஒட்டியது. இரண்டுமே டிரம் பிரேக்கிலிருந்து பெயர் பெற்றவை இல்லை. ஆனால் படம் பார்த்த உலகத்துக்கு எல்லாமே 'பிரேக் டான்ஸ்' ஆகிவிட்டது.

தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்ததும் இந்த வீங்கிய சொல்தான். நான் வளர்ந்த தெருவில் கையில் அலை விடுவதும், ரோபோ மாதிரி கழுத்தைத் திருப்புவதும், வழுக்கிக்கொண்டே பின்னால் போவதும் 'பிரேக் டான்ஸ்'. தரையில் கை ஊன்றிக் காலைச் சுழற்றியவனை 'சர்க்கஸ் பண்றான்' என்றார்கள். எதற்குப் பெயர் உரியதோ அதற்குப் பெயர் இல்லை. பொருட்காட்சியில் ஆளைக் குலுக்கிச் சுழற்றும் ராட்டினத்துக்கும் அதே பெயர். அதுவும் கடன்தான், ஹஸ் என்ற ஜெர்மன் நிறுவனம் 1985 வாக்கில் அந்தப் பெயரில் ராட்டினம் செய்யத் தொடங்கியது.

நோட்டில் 'பிரேக் டான்ஸ்' வரிக்கு எதிரே இரண்டு பொருள் எழுதுங்கள்: வெளியார் பிரேக்கிங்குக்கு வைத்த பெயர், 1984க்குப் பின் பாப்பிங், லாக்கிங் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் பொதுப்பெயர். நம் ஊர் ஆள் ஒருவர் இந்தச் சொல்லைச் சொன்னால் எந்தப் பொருளில் சொல்கிறார் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். அவர் தப்பாகச் சொல்லவில்லை, வந்து சேர்ந்த பொருளில் சொல்கிறார்.

8. முதலெழுத்துக் கதைகளைச் சலித்து எடுங்கள்

'பி என்றால் பிராங்க்ஸ்', 'பி என்றால் பீட்', 'பி என்றால் பேட்' என்று மூன்றும் உங்களுக்கு வந்து சேரும். மூன்றும் ஆடுபவர்கள் வாயிலேயே புழங்குவதால், முற்றிலும் தூக்கி எறிய முடியாது. ஆனால் அந்தப் பெயரைக் கூப்பிட்ட டிஜே தரும் விளக்கம் 'பிரேக்'. அதை மேலே வைத்து, மற்றவற்றை 'இப்படியும் சொல்வதுண்டு' என்று ஒரே வரியில் முடியுங்கள்.

இதைவிட மோசமான வகை, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் வைத்து விரிப்பது. 'ராப்' என்பது 'ரிதம் அண்ட் பொயட்ரி'யின் சுருக்கம் என்று எத்தனை கட்டுரைகளில் வந்துவிட்டது! பேசுவதைக் குறிக்கும் வினைச்சொல்லாக 'ராப்' அதற்கு வெகுமுன்பே ஆங்கிலத்தில் இருந்தது. விரிவு பின்னால் கட்டியது.

சோதிக்க ஒரு கேள்வி போதும்: இந்த விரிவு இல்லாமலே சொல்லுக்குப் பொருள் கிடைக்கிறதா? கிடைத்தால் விரிவைச் சந்தேகப்படுங்கள்.

9. தமிழில் எழுதுங்கள், ஆனால் பெயரை மொழிபெயர்க்காதீர்கள்

'முறிநடனம்', 'உடைப்பு ஆட்டம்', 'தகர்நடனம்' மூன்றும் அகராதியின் முதல் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டவை. டிரம்ஸுக்கு இடம் விட்டு மற்றவை விலகும் பொருளை எதுவும் காட்டவில்லை. பெயரைப் 'பிரேக்கிங்' என்றே விட்டுவிட்டு, பொருளைத் தமிழில் விளக்குவதுதான் நேர்மை. மோர்சிங்கை மோர்சிங் என்றுதானே சொல்கிறோம்.

நான் கடைசியில் கையேட்டுக்கு எழுதிக் கொடுத்த குறிப்பு இப்படி இருந்தது:

'பிரேக்: பாட்டின் நடுவே மற்ற வாத்தியங்கள் விலகி டிரம்ஸும் தாளக் கருவிகளும் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதி. ஜாஸில் முன்பே இருந்த சொல். 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பார்ட்டிகளில் டிஜே கூல் ஹெர்க் இந்தப் பகுதியை இரண்டு இசைத்தட்டுகளால் நீட்டினார். அதில் ஆடியவர்கள் பி-பாய், பி-கேர்ள். ஆட்டம் பிரேக்கிங். கட்டு மீறுவது என்ற தெருப்பேச்சுப் பொருளும் கலந்திருக்கிறது. பிரேக் டான்ஸ் என்பது 1980களில் ஊடகங்கள் பரப்பிய பெயர்.'

எழுதி முடித்ததும் ஆடத் தெரிந்த ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் முகம் சுளிக்கும் இடத்தில் மறுபடி நோட்டைத் திறங்கள். எலும்பு முறிவு பற்றிக் கேட்ட அந்தப் பையன் இதைக் கேட்டுவிட்டு, "ஃபிரெஸ்னோ பத்தி ஒண்ணும் போடலையே" என்றான். அவன் பாப்பிங் ஆடுபவன். அவனுக்குத் தனிக் குறிப்பு எழுத வேண்டியதாயிற்று.

10. இதே வரிசையில் இன்னொரு சொல்: சைஃபர்

ஒரு சொல்லில் செய்தது கைவந்துவிட்டதா என்று பார்க்க, உடனே இரண்டாவது சொல்லை எடுங்கள். நான் 'சைஃபர்' தருவேன். ஆடுபவர்கள் வட்டமாக நிற்க, ஒருவர் பின் ஒருவராக நடுவில் இறங்கி ஆடுவார்களே, அந்த வட்டம்.

முதல் படியிலேயே ஒரு பொறி இருக்கிறது. தமிழில் எழுதினால் இது 'சைபர் கிரைம்' சைபரோடு கலந்துவிடும். அது வேறு சொல், வேறு வேர். கட்டுரையில் 'இணைய வட்டம்' என்று மொழிபெயர்த்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். பாவம், அகராதி பார்த்தே எழுதியிருந்தார்.

இரண்டாம் படிக்கு, காதுக்குப் பதில் கண். ஒரு பயிற்சிக் கூடத்துக்குப் போய் வட்டத்தின் ஓரத்தில் நில்லுங்கள். யாரும் மேடையைப் பார்ப்பதில்லை, எல்லோரும் நடுவைப் பார்க்கிறார்கள். நடுவில் இடம் காலியாகும் நொடியில்தான் அடுத்தவர் இறங்குகிறார்.

மூன்றாம் படியில் பழைய வீடு: அரபியின் 'ஸிஃப்ர்', வெறுமை என்று பொருள், பூஜ்யத்தைக் குறித்த சொல். அங்கிருந்து லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய் முதலில் பூஜ்யமாகவும் பிறகு ரகசியக் குறியீடாகவும் ஆனது. நம் பெரியவர்கள் 'கணக்குல சைபர் வாங்கிட்டு வந்திருக்கான்' என்று திட்டும் சைபரும் இதேதான். ஆகவே தமிழ் வாசகருக்கு இந்தச் சொல்லின் பாதிப் பொருளை விளக்கவே வேண்டாம்.

நான்காம் படி, தூக்கி வந்தவர் யார்? 1964 வாக்கில் நியூயார்க்கின் ஹார்லெமில் கிளாரன்ஸ் 13எக்ஸ் தொடங்கிய, கறுப்பின இளைஞர்களிடையே பரவிய ஃபைவ் பெர்சென்ட் இயக்கத்தைப் பாருங்கள். அவர்களுடைய எழுத்து வரிசையில் 'ஓ' என்ற எழுத்துக்கும், எண் வரிசையில் பூஜ்யத்துக்கும் பெயர் சைஃபர், முழு வட்டம் என்று பொருள். அவர்கள் வட்டமாக நின்று பேசிக்கொள்வதும் சைஃபர். ராப் பாடியவர்களில் இந்த இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் இருந்தார்கள், ரக்கீம் ஒருவர்.

மிச்சப் படிகளை நீங்களே செய்யுங்கள். எட்டாம் படிக்கு வரும்போது, 'ரகசியக் குறியீட்டில் பேசிக்கொள்வதால் சைஃபர்' என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அவரிடம், வட்டத்தின் நடுவில் காலியாகக் கிடக்கும் இடத்தைக் கைகாட்டுங்கள்.